ஊடலும் அதன் அளவும்



நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்துத் திருக்குறள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அறத்துப்பாலை விளக்கி உரைப்போம், பொருட்பாலையும் உரைப்போம், மூன்றாம் பாலின் வாயிலை அடைந்ததும் நூலை மூடிவிடுவோம். பாடநூலிலும் அப்பகுதி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஒருநாள் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, கடைசி 250 குறளை எங்களுக்கு வேண்டாமென்றா வள்ளுவர் எழுதி வைத்தார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து மழுப்பினேன். அவனுக்கு விடை சொல்லாமலே ஓய்வும் பெற்றுவிட்டேன். வானொலி நிலையத்தார் இன்று அளித்திருக்கும் இச்சிறு பொழுதில் அந்தப் பழைய கடனில் ஒரு பகுதியையாவது தீர்க்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த 250 குறளும் 25 அதிகாரங்களாக அமைந்தவை. முதல் 7 அதிகாரங்கள் களவியல். எஞ்சிய 18 கற்பியல். கற்பியலின் இறுதியில், அதாவது நூல் முழுமைக்குமே இறுதியில் நிற்பவை புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்னும் மூன்று அதிகாரங்கள். கடவுள் வாழ்த்தில் தொடங்கி, மழை, துறவு, அரசு, அமைச்சு, படை, நட்பு, உழவு என்று உலகையெல்லாம் சுற்றி வந்த ஒரு பெருநூல், ஒரு சிறு வீட்டினுள் கணவனும் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் காட்சியில் வந்து நிறைவடைகின்றது. இதனை நான் தற்செயல் என்று கருதவில்லை.

வள்ளுவர்க்கு முன்பே நம் முன்னோர் ஊடலுக்கு ஒரு தனி நிலத்தையே ஒதுக்கியிருந்தனர். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், பாலைக்குப் பிரிதல், நெய்தலுக்கு இரங்கல், மருதத்திற்கு ஊடல் என்பது நீங்கள் அறிந்த பாகுபாடு. வயலும் வாய்க்காலும் நிறைந்த, நெல்லுக்குக் குறைவில்லாத மருதத்தில் ஏன் ஊடலை வைத்தார்கள்? மலையிலும் பாலையிலும் சந்திப்பதே அரிது. சந்தித்த கணத்தில் சண்டையிட யார்க்கு மனம் வரும்? நாள்தோறும் ஒரே கூரையின்கீழ், ஒரே அடுப்பில் சமைத்து உண்டு வாழ்பவர்க்கே மனத்தாங்கல் வருகிறது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதம் 100 பாட்டுகளும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு பத்துகளுக்குப் பெயரிலேயே புலவி என்னும் சொல் அமைந்திருக்கிறது. அன்புடையார் பிணங்குவதை மறைக்க வேண்டிய இழுக்காக அக்காலத்தார் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் ஒன்றை நான் மூடி மறைத்துப் பேச விரும்பவில்லை. சங்க மருதப் பாட்டுகளில் ஊடலுக்குக் காரணம் பெரும்பாலும் தலைவனின் பரத்தையர் தொடர்பு. அதனை ஏதோ பருவமழை போல இயல்பாக எடுத்துக்கொண்டு அப்பாட்டுகள் நடக்கின்றன. எத்துணைச் சுவையுடைய பாட்டாயினும் அந்த ஒழுக்கத்தை நாம் ஏற்க வேண்டுவதில்லை. வள்ளுவர் ஏற்கவில்லை. பிறனில் விழையாமை என ஓர் அதிகாரம், வரைவின் மகளிர் என மற்றோர் அதிகாரம் எழுதிய அவர், தம் ஊடல் அதிகாரங்களில் காரணத்தையே மாற்றிவிட்டார். அங்கே தலைவி கணவனைப் பரத்தன் என்று பழிப்பது உண்டு. ஆனால் அவன் செய்த குற்றமெல்லாம், தெருவிற் செல்லும்போது மற்றப் பெண்கள் அவனைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்பதுதான்! மெய்யான துரோகத்தை விலக்கிவிட்டு, அன்பினால் எழும் ஐயத்தையும் அச்சத்தையும் மட்டுமே அவர் ஊடலுக்கு விதையாகக் கொண்டார். இம்மாற்றத்தின் பெருமையைப் பலரும் கவனிப்பதில்லை.

புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்தைச் சிரிக்காமல் படிக்க முடியாது. எல்லாரைக் காட்டிலும் நாம் காதல் மிகுந்தவர் என்று மகிழ்ந்து சொல்கிறான் கணவன். யார் யாரைக் காட்டிலும் என்று கேட்டு ஊடுகிறாள் மனைவி. இந்தப் பிறவியில் உன்னைப் பிரியேன் என்கிறான். அப்படியானால் அடுத்த பிறவியில் பிரிவு உண்டோ என்று அவள் கண்ணில் நீர் நிறைகிறது. உன்னை நினைத்தேன் என்கிறான். நினைப்பதற்கு முன் மறந்திருந்தீரோ என்று அணைக்க வந்தவள் கையை மடக்கிக்கொள்கிறாள். தும்மல் வருகிறது; வழக்கப்படி வாழ்த்திவிட்டு, யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த தும்மலை அவன் அடக்கிப் பார்க்கிறான். நினைப்பவரை எனக்கு மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகை. பணிந்து தேற்றினாலோ, பிற பெண்களிடத்தும் இப்படித்தான் பணிவீரோ என்று சினம். ஒன்றும் செய்யாமல் அவள் அழகையே பார்த்துக்கொண்டு இருந்தால், யாரோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறீர் என்று கேள்வி.

பாவம், அந்தக் கணவன்! எதைச் செய்தாலும் தப்ப வழியில்லை. இதைப் படிக்கும் இளைஞர்கள், பெண்ணின் மனம் அறிவுக்கு ஒவ்வாதது என்று வள்ளுவர் கேலி செய்வதாக எண்ணக்கூடும். அப்படி எண்ணிய உரைகளையும் நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஏழு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குங்கள். சொல் வேறு வேறு. அடியில் கிடக்கும் வினா ஒன்றே. உம் நெஞ்சில் எனக்கு உள்ள இடம் உறுதியானதுதானா என்பதே அது. அவள் சொல்லுக்கு விடை தேடுகிறவன் தோற்றுக்கொண்டே இருப்பான். தும்மலுக்கு மருத்துவ விளக்கம் அளித்து என்ன பயன்? நீங்கள் எதிர்காலத்தில் உங்கள் துணைவரோடு பிணங்கும்போது, ஆணாயினும் பெண்ணாயினும், எதிரில் இருப்பவர் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை வழக்கறிஞர்போல் அலசத் தோன்றும். ஒரு கணம் நிறுத்தி, இவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்டுப்பாருங்கள். தாமதமாக வந்ததற்காக எழுந்த சண்டை, பெரும்பாலும் கடிகாரத்தைப் பற்றியதாக இராது.

அளவைப் பற்றி வள்ளுவர் கூறும் உவமை உப்பு. சிறிது இருந்தால் சுவை; சற்றே மிகுந்தால் உணவு முழுதும் பாழ். உப்பில் ஒரு நுட்பம் உண்டு. குறைந்தால் பின்னர்ச் சேர்க்கலாம். மிகுந்ததை எடுக்க இயலாது. இளைய பிணக்கைப் புலவி என்றும், முற்றிய பிணக்கைத் துனி என்றும் பரிமேலழகர் வேறுபடுத்துகிறார். இவ்விரண்டும் இல்லாத காதலைப் பழுத்து விழுந்த கனிக்கும் முதிராத காய்க்கும் ஒப்பிடுகிறார் வள்ளுவர். ஊடியவரைத் தேற்றாமல் விட்டுவிடுவதை, வாடிய கொடியை வேரோடு அறுப்பது என்கிறார். எத்தனை நாழிகை ஊடலாம் என்று அவர் கணக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வீட்டுக்கு வீடு உப்பு வேறுபடும்.

உப்பு மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மொழியில் சிலப்பதிகாரத்தைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. புகார்க் கடற்கரையில், இந்திர விழாவின் முடிவில், கோவலனும் மாதவியும் கடல் விளையாட்டுக் காண அமர்ந்திருக்கிறார்கள். யாழ் அவன் கைக்கு வருகிறது. காவிரியையும் கானலையும் பற்றிப் பாடுகிறான். பாட்டின் குறிப்பைக் கேட்ட மாதவி, வேறொருத்தியின்மேல் இவன் மனம் சென்றது என்று கொள்கிறாள். புலவியோடு யாழை வாங்கித் தானும் வேறொருவன்மேல் மனம் வைத்தவள்போலப் பாடுகிறாள். அவள் விளையாட்டாகச் செய்ததை அவன் மெய்யென்று கொண்டான், எழுந்து போய்விட்டான். இருவரில் ஒருவராவது, இது என்ன பொருளில் பாடினாய் என்று கேட்கவில்லை. இளங்கோவடிகள் ஊழ்வினையைக் காரணமாகக் காட்டுவார். நான் பள்ளி ஆசிரியன். ஊழைப்பற்றிப் பேசத் தகுதியற்றவன். கேட்கப்படாத ஒரு கேள்வி மட்டுமே என் கண்ணுக்குத் தெரிகிறது.

மாதவி தாழை மடலில் கடிதம் எழுதி வயந்தமாலையிடம் கொடுத்தனுப்பினாள். கோவலன் அதனை வாங்கவே மறுத்தான். ஆடல்மகளுக்கு நடிப்பு இயல்புதானே என்று இழித்துரைத்தான். பின்பு மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்னும் அந்தணன் மூலமாக அவளது மற்றொரு கடிதம் வருகிறது. அதனை வாங்கிப் படிக்கிறான். அவளிடம் குற்றமில்லை, குற்றம் தன்னுடையதே என்று அப்போது உணர்கிறான். உணர்ந்து என்ன செய்ய? புகாரை விட்டு நெடுந்தொலைவு வந்தாயிற்று. அந்த ஓலையையே தன் பெற்றோருக்கு அனுப்பிவைத்து மேலே நடக்கிறான்.

அதே காப்பியத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். கணவன் பிரிந்த காலமெல்லாம் ஊடாதவள். திரும்பி வந்த நாளில் காரணம் கேளாமல் சிலம்பை எடுத்து நீட்டியவள். கண்ணகியின் பொறுமையைப் போற்றாதவர் இல்லை. நானும் போற்றிப் பலமுறை மேடையில் பேசியிருக்கிறேன். வயதானபின் ஓர் இடம் என்னை உறுத்துகிறது. மதுரையில் மாதரி கொடுத்த மனையில், உணவுக்குப் பின், கோவலன் தன் பிழைகளைச் சொல்லி வருந்தும்போது அவள் மெல்ல வாய் திறக்கிறாள். உம் பெற்றோர் என்னைக் காண வந்தபோது, என் துயரை மறைத்து நான் காட்டிய பொய்ச் சிரிப்பைக் கண்டு அவர்கள் வருந்தினார்கள் என்கிறாள். சான்றோர் போற்றாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என்றும் சொல்லிவிடுகிறாள். இத்தனை ஆண்டுகளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் குறை அது. அதன்பின் அவன் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான், திரும்பவில்லை. ஒருத்தி சற்று அதிகமாகப் பாடிவிட்டாள். மற்றொருத்தி மிகவும் தாமதமாகப் பேசினாள். இருவருள் யாருடைய துயரம் பெரிது என்று என்னால் அளக்க முடியவில்லை.

ஊடலைத் தீர்க்க அக்காலத்தில் வாயில்கள் இருந்தன. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் எனத் தொடங்கித் தொல்காப்பியர் 12 பேரை எண்ணுகிறார். அவர்களுள் தோழி சுவையானவள். தலைவிக்காகக் கதவடைத்துத் தலைவனைக் கடிபவளும் அவளே. போதும் என்று தலைவியிடம் சொல்லிக் கதவைத் திறப்பவளும் அவளே. உங்கள் நண்பர்களுக்குள் ஒருவர் பிணங்கி வந்து நின்றால், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டித் தீயில் நெய் ஊற்றுவது எளிது. அந்தத் தோழியைப்போல இரு பக்கமும் கடிந்துகொள்ளும் துணிவு எத்தனை பேர்க்கு வரும்? இன்று அந்தப் 12 வாயில்களுக்கும் மாற்றாகக் கைபேசி ஒன்று வந்திருக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா என்பதையும் அது நிறம் மாற்றிக் காட்டிவிடுகிறது. படித்தும் விடை வரவில்லை என்று இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞர்களை நான் அறிவேன். முகமும் குரலும் இல்லாத நான்கு சொற்களைக் கொண்டு ஒரு மனத்தாங்கலை முடிவுகட்டப் புறப்படுவது, கானல்வரியை மீண்டும் பாடுவதுதான். கோபம் வந்தபோது எழுதாதீர்கள். நேரிற் போய்ப் பேசுங்கள்.

இங்கே மாணவர்களுக்கு, முக்கியமாக ஆண்பிள்ளைகளுக்கு, ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். ஊடல் அதிகாரங்களை வள்ளுவர் களவியலில் வைக்கவில்லை, கற்பியலில் வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்ட பின்னரே ஊடல். ஒரு பெண் விருப்பமில்லை என்று சொல்வது ஊடல் ஆகாது, அது விடை. அவள் மறுப்பைப் பிணக்கென்று எண்ணிப் பின்தொடர்வதைக் காதலாகக் காட்டிய திரைப்படங்கள் பல வந்துவிட்டன. அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் செய்த கொடுமைகளையும் செய்தித்தாளில் படித்துவிட்டோம். அதுபோலவே, கை ஓங்குதல், பூட்டிவைத்தல், யாரிடம் பேசினாய் என்று நாள்தோறும் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தல், செத்துவிடுவேன் என்று அச்சுறுத்திப் பணியவைத்தல் ஆகியவற்றை எந்த இலக்கணத்திலும் ஊடல் என்று எவரும் எழுதியதில்லை. ஊடலில் தோற்றவரே வென்றவர் என்பார் வள்ளுவர். எப்போதும் ஒருவரே தோற்றுக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அச்சொல் பொருந்தாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-இல் இயற்றப்பட்ட சட்டம், அடியை மட்டுமன்றிச் சொல்லாலும் பொருளாலும் இழைக்கும் கொடுமையையும் குடும்ப வன்முறையென்று கொள்கிறது. 181 என்னும் தொலைபேசி எண்ணில் பெண்கள் உதவி கேட்கலாம். இதனை இலக்கியப் பேச்சின் நடுவே சொல்ல நான் வெட்கப்படவில்லை.

இனி, என் கதை. மணமாகி இரண்டாம் ஆண்டு. நகரத்துப் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியனாக இருந்தேன். என் பெற்றோர் இருந்த கிராமத்துக்கு அருகில் ஓர் இடம் காலியாவதாக அறிந்து, மாறுதல் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். நல்ல செய்தியாயிற்றே, உத்தரவு வந்தபின் வீட்டில் சொல்லி மகிழ்விக்கலாம் என்று இருந்தேன். என் மனைவி அப்போது அந்நகரத்தில் ஆசிரியப் பயிற்சியின் இறுதி ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் மனைவி வாயிலாகச் செய்தி அவள் காதுக்கு எட்டியது. அன்று மாலையிலிருந்து பேச்சு நின்றது. சோறு வந்தது, தண்ணீர் வந்தது, சொல் வரவில்லை.

நான்தான் மருதத்திணை படித்தவனாயிற்றே! ஊடல் என்று கொண்டேன். உள்ளூர மகிழவும் செய்தேன். ஒருநாள் குழம்பில் உப்புக் கூடியிருந்தது; அதை வைத்து ஒரு குறளைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒன்பதாம் நாள் என் பழைய ஆசிரியர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து சேர்ந்தார். நற்றிணையில் ஒரு காட்சி உண்டு. அடுக்களைப் புகையில் கண் கலங்க, நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, ஊடலோடு சமைத்துக்கொண்டிருக்கும் மனைவியைக் கணவன் பார்க்கிறான். இப்போது ஒரு விருந்தினர் வந்தால் இவள் சினம் மறைந்து முறுவல் தோன்றுமே என்று ஏங்குகிறான். என் வீட்டிலும் அப்படியே நடந்தது. என் ஆசிரியருக்கு அவள் முகமலர்ந்து பரிமாறினாள். என்னிடமும் இரண்டொரு சொல் பேசினாள். நற்றிணை பலித்தது என்று களித்துக்கொண்டே அவரைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தேன்.

வீட்டில் மீண்டும் அதே மௌனம். விருந்தினர் வாயிலைத்தான் திறப்பார்; உள்ளே நுழைந்து பேச வேண்டியவன் நான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. "இன்னுமா ஊடல் தீரவில்லை?" என்று கேட்டேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் ஊடவில்லை. என் படிப்பு என்ன ஆகுமென்று நீங்கள் கேட்கவேயில்லை."

அன்று முழுவதும் எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. இரவு திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். நான் முதலில் தந்தையின் உடல்நிலை, வாடகை, சேமிப்பு என்று காரணங்களை அடுக்கினேன். அவள் தேர்வு எந்த மாதம் என்பதே எனக்கு நினைவில் இல்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அதற்குப் பின் நான் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். அவள் நெடுநேரம் பேசினாள், அழுதாள், என் தாயாரைப் பற்றியும் ஒன்று சொன்னாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஆயினும் பொய்யன்று. பொழுது புலரும் நேரத்தில்தான் உறங்கப் போனோம்.

மறுநாள் அலுவலகத்திற்குப் போய், விண்ணப்பத்தை அடுத்த கல்வியாண்டுக்கு ஒத்திவைக்குமாறு எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் காரணம் கேட்டார். குடும்பக் காரணம் என்றேன். அவர் அதனைக் குறித்துக்கொண்டு, "வீட்டில் கேட்காமல் கொடுத்துவிட்டீர்களாக்கும்?" என்றார். ஆமாம் என்றேன். அவள் தேர்வு எழுதித் தேறியபின்தான் ஊருக்குப் போனோம். பின்னாளில் அவளும் ஒரு பள்ளியில் ஆசிரியையானாள். இன்றைய பேச்சை எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது, குழம்பில் உப்பு மிகுந்தது அவள் கைப்பிழையன்று, அன்று அதைச் சமைத்தவன் நான்தான் என்று திருத்தினாள். எனக்கு அப்படி நினைவில்லை.